ஒரு கொத்துக்கு ஒரு புழு: கையசைவு விளையாட்டில் எண்ணிக்கை ஏன் பிழைக்கிறது?

கேள்வி, சுருக்கமாக: யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்றில் தரம் 10 பிள்ளைகள் கண்காட்சிக்கு ஒரு குட்டி விளையாட்டுச் செய்கிறார்கள். ஒரு ஆட்டம் 5 செக்கன். புறங்கையில் மைக்ரோபிட் (உணரியும் ரேடியோவும் உள்ள குட்டிக் கணினிப் பலகை) கட்டி, கையை அலகுபோலப் பிடித்துக் கொத்தினால் திரையில் கொண்டலாத்திக் குருவி மண்புழுவைப் பிடிக்கும். இன்னொரு மைக்ரோபிட் மடிக்கணினியில் செருகியிருக்கிறது. கையிலிருந்து ரேடியோவில் வரும் ஒவ்வொரு வாசிப்பையும் அது கணினிக்குக் கொடுக்கிறது. ஆட்டம் பைதான் மொழியில், பைகேம் என்ற விளையாட்டு நூலகத்தை வைத்து எழுதியது. முதலில் மைக்ரோபிட்டில் தயாராக இருக்கும் 'குலுக்கல்' நிகழ்வைப் பாவித்தார்கள். பாதிக் கொத்து விழவில்லை. பிறகு மொத்த ஆர்முடுகல் (வேகம் மாறும் வீதம்) 1500ஐத் தாண்டினால் கொத்து என்று மாற்றினார்கள். இப்போது சிலருக்கு ஒன்று இரண்டாக விழுகிறது, சின்னப் பிள்ளைகளுக்கு விழுவதே இல்லை, ஆட்டம் போகப்போகக் குருவியும் பிந்துகிறது. நல்ல உணரி வாங்க வேண்டுமா என்று ரீச்சர் கேட்கிறார்.

பதில்:

வேண்டாம் ரீச்சர். உங்களிடம் இருக்கும் உணரி இந்த விளையாட்டுக்குத் தாராளமாகப் போதும். 2006இல் வந்த நின்டெண்டோ வீ என்ற விளையாட்டுக் கருவியின் கைக்கருவியில் அசைவை அளக்க இருந்த முக்கிய உணரியும் மூன்று அச்சு ஆர்முடுகல்மானிதான். திரும்பும் வேகத்தை அளக்கும் கைரோ அதற்கு 2009இல்தான் தனித்துண்டாக வந்து சேர்ந்தது. பெரும்பாலும் அந்த உணரியை வைத்தே 5 செக்கன் விளையாட்டுகளை நிறையச் செய்தார்கள். உங்கள் பிழை உணரியில் இல்லை. ஒரு கொத்து என்றால் என்ன என்று நிரலுக்கு நீங்கள் இன்னும் சொல்லிக் கொடுக்கவில்லை. "பெரிய எண் வந்தால் கொத்து" என்று மட்டும் சொல்லியிருக்கிறீர்கள். கை கீழே போய் நிற்கும்போதும் பெரிய எண் வரும், மேலே கிளம்பும்போதும் பெரிய எண் வரும்.

முதலில் குலுக்கல் ஏன் தோற்றது என்பதைச் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளும் கேட்பார்கள். அந்த நிகழ்வு ஒற்றை அசைவைத் தேடுவதில்லை. குறுகிய நேரத்துக்குள் கை முன்னும் பின்னுமாகப் பல தடவை திசை மாறினால்தான் அது குலுக்கல் என்று ஒத்துக்கொள்ளும். ஒரு தரம் அழகாகக் குனிந்து நிமிர்ந்த கை அதன் கணக்கில் குலுக்கலே இல்லை. பதற்றத்தில் நடுங்கி நடுங்கிக் கொத்திய பிள்ளைக்குத்தான் விழுந்திருக்கும். அதை விட்டுவிட்டது சரிதான்.

இப்போது விசயத்துக்கு வருவோம். மைக்ரோபிட்டுக்கு நிரல் எழுதும் மேக்கோட்டில் ஆர்முடுகல் கட்டளைக்குள் எக்ஸ், வை, இசட் என்று மூன்றோடு நாலாவதாக ஸ்ட்ரெங்த் என்று ஒன்று இருக்கிறது. மூன்று அச்சையும் வர்க்கித்துக் கூட்டி மூலம் எடுத்த மொத்தப் பருமன் அது. மேசையில் சும்மா வைத்தால் ஏறத்தாழ 1024 காட்டும். அது புவியீர்ப்பு. எந்தப் பக்கம் சரித்து வைத்தாலும் அதே எண்தான். அதனால்தான் இந்த விளையாட்டுக்கு அது நல்லது, பிள்ளை கையில் எப்படிக் கட்டினாலும் பரவாயில்லை.

கை கீழ்நோக்கி வேகமெடுக்கும்போது இந்த எண் குறையும். லிஃப்ட் இறங்கத் தொடங்கும்போது உடம்பு இலேசாவது இதே காரணத்தால்தான். கீழே போய்க் கை நிற்கும்போது எண் ஏறும். திரும்ப மேலே கிளம்பும்போது மறுபடி ஏறும். மேலே வந்து நிற்கும்போது குறையும். வரிசையாகப் பார்த்தால்: பள்ளம், மேடு, மேடு, பள்ளம். இந்த நாலையும் பிள்ளைகள் கரும்பலகையில் வரைந்து பார்க்கட்டும். விளையாட்டு முழுக்க இதற்குள் இருக்கிறது.

20 மில்லிசெக்கனுக்கு ஒரு வாசிப்பு எடுத்தால், அடியில் ஒரு கணம் தங்கிவிட்டு நிமிரும் ஒரு கொத்து எண்களாக இப்படி வரும்: 1020, 1010, 850, 620, 700, 1150, 1790, 2060, 1480, 1090, 1060, 1320, 1610, 1280, 900, 760, 940, 1020. மொத்தம் 18 வாசிப்பு, 360 மில்லிசெக்கன். உங்கள் 1500 என்ற கோட்டை இதன்மேல் வைத்துப் பாருங்கள். ஏழாவது எண்ணான 1790இல் ஒரு கொத்து விழுகிறது. 1090க்கு இறங்கிவிட்டு, பதின்மூன்றாவதான 1610இல் இன்னொன்று விழுகிறது. அந்த இரண்டாவது, கையை எடுத்த அசைவு. தொட்டவுடன் வெடுக்கென்று எடுக்கும் பிள்ளைக்கு நடுவில் அந்த 1090 வராது, இரண்டு மேடும் ஒட்டி ஒரே மேடாகிவிடும், அதனால் ஒன்றுதான் விழும். சிலருக்கு மட்டும் இரண்டாக விழுவது இதனால்தான். அவர்கள் பிழையாக ஆடவில்லை. புழுவைப் பிடித்துவிட்டோமா என்று அடியில் ஒரு கணம் நின்று பார்க்கிறார்கள். கவனமாக ஆடுகிற பிள்ளைக்குத்தான் கணக்குப் பிழைக்கிறது என்பதே இதைத் திருத்தப் போதுமான காரணம்.

இதற்குப் பலர் சொல்லும் வைத்தியம், ஒரு கொத்து விழுந்ததும் 250 மில்லிசெக்கன் எதையும் எண்ணாதே என்பது. மேலே உள்ள எண்களுக்கு அது வேலை செய்யும், ஏனென்றால் இரண்டு மேட்டுக்கும் இடையில் 120 மில்லிசெக்கன்தான். ஆனால் பிள்ளை அடியில் 300 மில்லிசெக்கன் தங்கினால் இரண்டாவது மேடு தடை முடிந்த பிறகு வந்து நிற்கும். தடையை 500 ஆக்கினால் கெட்டிக்காரப் பிள்ளையின் வேகமான கொத்துகள் விழுங்கப்படும். நேரத்தைக் கூட்டிக் குறைத்து இதற்குத் தீர்வு காண முடியாது.

வரிசையைப் பாருங்கள். இறங்கும் கையில் முதலில் பள்ளம், பிறகு மேடு. ஏறும் கையில் முதலில் மேடு, பிறகு பள்ளம். அடியில் எவ்வளவு நேரம் தங்கினாலும் இது மாறாது. ஆகவே விதி இதுதான்: பள்ளம் கண்டு அதன் பின்னால் வரும் மேடு மட்டுமே கொத்து, ஒரு பள்ளத்துக்கு ஒரு மேடுதான்.

நிரலில் இதற்கு இரண்டு மாறிகள் போதும். எண் பள்ளக் கோட்டுக்குக் கீழே போனால் (கோடுகளை எங்கே போடுவது என்று பிறகு சொல்கிறேன்) 'பள்ளம் கண்டாச்சு' என்று குறித்து, அந்த நேரத்தையும் ஓடும்நேரக் கட்டளையிலிருந்து (பலகை தொடங்கி எத்தனை மில்லிசெக்கன் ஆனது என்று சொல்வது) எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு 150 மில்லிசெக்கனுக்குள் எண் மேட்டுக் கோட்டைத் தாண்டினால் ஒரு கொத்து. உடனே அந்தக் குறிப்பை அழித்துவிட வேண்டும். 150 மில்லிசெக்கனுக்குள் மேடு வராவிட்டாலும் குறிப்பை அழிக்க வேண்டும். கொத்து விழுந்ததும் அழிப்பதை மறந்துவிடாதீர்கள். மேலே உள்ள உதாரணத்தில் கோட்டைத் தாண்டும் முதல் மேடு, 620இல் பள்ளம் கண்டு 60 மில்லிசெக்கனில் வருகிறது. கையை எடுக்கும் மேடு வர 180 ஆகிறது. அடியில் இன்னும் சற்றுக் குறைவாகத் தங்கும் பிள்ளைக்கு அது 150க்குள் வந்து விழும். குறிப்பு அழியாமல் கிடந்தால் பழையபடி இரண்டாகும். கடைசியில் வரும் 760 என்ற பள்ளம் ஒரு குறிப்பை எழுப்பும், ஆனால் அதன் பின்னால் மேடு இல்லை, தானாகக் காலாவதியாகிவிடும். மூச்சுவிடாமல் கொத்துகிற பிள்ளைக்கோ மேலே நிற்கும் பள்ளமும் அடுத்த கொத்தின் பள்ளமும் ஒன்றாகச் சேரும், அப்போதும் பள்ளம், மேடு, பள்ளம், மேடு என்றுதான் வரும், கணக்குச் சரி.

சின்னப் பிள்ளைகளின் பிரச்சினை வேறு. அவர்களின் கை குட்டை, விசையும் குறைவு. உச்சம் 1350இல் நின்றுவிட்டால் 1500 என்ற கோட்டை அவர்கள் என்றைக்கும் தொடமாட்டார்கள். எல்லோருக்கும் 1200 என்று இறக்கினால் பெரியவர்கள் கையைச் சும்மா ஆட்டினாலே கொத்தாகும். எனவே கோட்டை ஆளுக்கு ஆள் அளந்து போட வேண்டும். கட்டியதும் கையை ஒரு செக்கன் நேராக வைத்திருக்கச் சொல்லி 50 வாசிப்பின் சராசரியை எடுங்கள். அதுதான் அந்த மைக்ரோபிட்டின் ஓய்வு எண். பலகைக்குப் பலகை அது 990 ஆகவும் இருக்கும், 1060 ஆகவும் இருக்கும், ஆகவே 1024 என்று எழுதிவிட வேண்டாம். பிறகு மூன்று தரம் பழக்கக் கொத்து. மூன்று உச்சங்களில் நடு எண்ணை எடுங்கள். சராசரி எடுத்தால் ஒரு பிள்ளை உற்சாகத்தில் ஒரு தரம் பலமாக ஆட்டியது எல்லாவற்றையும் கெடுத்துவிடும். ஓய்வு 1024, உச்சங்கள் 1310, 1380, 1350 என்றால் நடு எண் 1350, வித்தியாசம் 326, அதில் பாதி 163, மேட்டுக் கோடு 1187. பள்ளங்கள் 800, 830, 780 என்றால் நடு எண் 800, வித்தியாசம் 224, பாதி 112, பள்ளக் கோடு 912. மேட்டுக் கோடு 1150க்குக் கீழும், பள்ளக் கோடு 930க்கு மேலும் போகாமல் ஒரு எல்லை வையுங்கள், இல்லாவிட்டால் கை நடுக்கமே கொத்தாகிவிடும்.

இந்த மூன்று பழக்கக் கொத்தையும் 'அளவெடுக்கிறோம்' என்று காட்டாமல் விளையாட்டின் தொடக்கமாக்கிவிடுங்கள்: மூன்று முட்டையைக் கொத்தி உடைக்க வேண்டும், உடைந்ததும் குஞ்சு எட்டிப் பார்த்துப் பசிக்குது என்று கத்தும், ஆட்டம் தொடங்கும். வாரியோவேர்: ஸ்மூத் மூவ்ஸ் என்ற வீ விளையாட்டில் ஒவ்வொரு குறுவிளையாட்டுக்கும் முன்னால் கருவியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று படம் போட்டுக் காட்டினார்கள், யானைத் தும்பிக்கைபோல மூக்கில் வைத்துப் பிடிப்பதும் அதில் ஒன்று. பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் வேலை பெரியது: ஆட்டம் தொடங்கும் கணத்தில் கை எங்கே, எப்படி இருக்கிறது என்பது நிரலுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. 5 செக்கன் ஆட்டத்தில் பிள்ளைக்கு யோசிக்க நேரமில்லை, நிரலுக்கும் இல்லை. எனவே பிடிக்கும் விதத்தை முன்னாலேயே சொல்லி, ஆட்டத்துக்குள் ஒரே ஒரு அசைவை மட்டும் கேளுங்கள்.

உணரியின் எல்லையையும் மாற்றிவிடுங்கள். இயல்பாக அது 2 ஜி (புவியீர்ப்பின் இரண்டு மடங்கு) அளவில் இருக்கும், ஒரு அச்சு 2048க்குக் கிட்ட முட்டி நின்றுவிடும். உயரமான பிள்ளை முழங்கையிலிருந்து வீசினால் அதைத் தாண்டும், உச்சம் வெட்டுப்பட்டு அளவெடுப்புப் பிழைக்கும். தொடக்கக் கட்டளைக்குள் எல்லையை 4 ஜி என்று வையுங்கள். நுணுக்கம் கொஞ்சம் குறையும், இந்த வேலைக்கு அது தெரியாது.

இனிப் பிந்துதல். இதில் மூன்று காரணம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கிறது, ஆனால் பெரியது ஒன்றுதான். உங்கள் மைக்ரோபிட் செக்கனுக்கு 50 வாசிப்பு அனுப்புகிறது. உங்கள் ஆட்டம் செக்கனுக்கு 30 பிரேம் ஓடுகிறது, அதாவது திரையை 30 தரம் வரைகிறது; பிரேமுக்கு ஒரு வரி, அதாவது ஒரு வாசிப்பு மட்டும் எடுக்கிறது. செக்கனுக்கு 20 வரி வாசிக்கப்படாமல் வரிசையில் நின்றுவிடும். 5 செக்கன் முடிவில் 100 வரி தேங்கியிருக்கும். ஒரு வரி 20 மில்லிசெக்கன் என்றால் குருவி சரியாக 2 செக்கன் பிந்தி நிற்கும். "போகப்போகப் பிந்துது" என்று நீங்கள் எழுதிய அந்தச் சொல்லிலேயே விடை இருந்தது: உணரி மெதுவென்றால் தொடக்கத்திலிருந்தே ஒரே அளவுதான் பிந்தும், தேக்கம் என்றால் மட்டுமே வளரும். தண்ணீர் இறைக்கிற மோட்டரின் ஓட்டத்துக்கு வாய்க்கால் போதாமல் போனால் நடப்பதுதான் இங்கேயும்.

திருத்தம்: கொத்தைக் கையில் இருக்கும் மைக்ரோபிட்டிலேயே கண்டுபிடியுங்கள். மேலே சொன்ன பள்ளம், மேடு கணக்கு அதற்கு ஒரு சுமையே இல்லை. ரேடியோவில் போவது கொத்துச் செய்தி மட்டும். கணினிப் பக்கத்தில் பிரேமுக்கு ஒரு வரி என்று வாசிக்காமல், காத்திருக்கும் வரி தீரும்வரை எல்லாவற்றையும் வாசியுங்கள். வரி வரும்வரை காத்து நிற்கிற வாசிப்பாக இருந்தால் அதுவும் ஆட்டத்தை நிறுத்திப் பிடிக்கும். வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாசிக்க வேண்டும்.

செய்தி அனுப்புவதிலும் ஒரு நுட்பம். மைக்ரோபிட் ரேடியோ போய்ச் சேர்ந்ததா என்று கேட்பதில்லை, போன செய்தி போனதுதான். கண்காட்சி மண்டபத்தில் வைஃபையும் நூறு கைத்தொலைபேசியும் அதே 2.4 கிகாஹேர்ட்சில் கத்திக்கொண்டிருக்கும். எனவே வெறும் 'கொத்து' என்று அனுப்பாமல் எத்தனையாவது கொத்து என்ற எண்ணை அனுப்புங்கள், அதே எண்ணை 10 மில்லிசெக்கன் இடைவெளியில் மூன்று தரம். வாங்கும் பக்கம் எண் மாறினால் மட்டும் எண்ணட்டும். ஒன்று தொலைந்தாலும் மற்றது வரும், மூன்றும் வந்தாலும் ஒன்றாகவே எண்ணப்படும். ரேடியோ குழு எண்ணை 0க்கும் 255க்கும் இடையில் நீங்களே ஒன்று தெரிவு செய்து வையுங்கள். பக்கத்து மேசையிலும் மைக்ரோபிட் இருந்து, இரண்டும் ஒரே குழுவில் கிடந்தால், அவர்களின் வெப்பமானி உங்கள் குருவியைக் கொத்த வைக்கும்.

கையிலுள்ள நிரலில் எண்ணையோ படத்தையோ எல்.ஈ.டி.யில் காட்டும் கட்டளைகள் இருந்தால் எடுத்துவிடுங்கள். படம் காட்டும் கட்டளை அரைச் செக்கன் அளவுக்கு அந்த இடத்திலேயே நின்றுவிடும். அந்த நேரத்தில் வந்த கொத்து வந்ததே தெரியாது. "ஒரு தரம் விழுந்த பிறகு அடுத்தது விழுகுதில்லை" என்று யாராவது சொன்னால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. ஒளி வேண்டுமென்றால் ஒரு புள்ளியை மட்டும் ஏற்றும் கட்டளையைப் பாவியுங்கள், அது நிற்காது.

சத்தமும் பிந்தும். பைகேமின் ஒலித் தாங்கி (ஒலியைச் சேர்த்து வைத்து வெளியே விடும் பஃபர்) 4096 என்று கிடந்தால், செக்கனுக்கு 44,100 ஒலி மாதிரிகள் என்ற வேகத்தில் அது மட்டுமே 93 மில்லிசெக்கன். 512 என்று வைத்தால் 12க்குள் வந்துவிடும். புளூடூத் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம், அதன் பிந்துதலை உங்கள் நிரலால் குறைக்க முடியாது. வயர் உள்ளதைப் பாவியுங்கள். பெரிய தொலைக்காட்சியில் காட்டுவதென்றால் அமைப்புக்குள் போய்க் கேம் மோட் என்பதைப் போடுங்கள், படத்தை அழகுபடுத்த அது எடுக்கும் நேரம் மிச்சம். வாசிப்புகளை மழுக்கச் சராசரி எடுப்பதாக இருந்தால் இரண்டு வாசிப்புக்கு மேல் வேண்டாம். நாலு எடுத்தால் 30 மில்லிசெக்கன் பிந்தும், பள்ளமும் பாதி நிரம்பிவிடும். எல்லாம் சேர்ந்து 100 மில்லிசெக்கனைத் தாண்டினால் கை அதை உணர்ந்துவிடும், பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது, 'இது சரியில்லை' என்று மட்டும் சொல்லும்.

மிஞ்சுகிற பிந்துதலை மறைக்க உங்களிடம் ஏற்கனவே ஒன்று இருக்கிறது: பள்ளம். மேடு வந்துதான் கொத்து உறுதியாகும், ஆனால் பள்ளம் அதற்கு 60 மில்லிசெக்கன் முன்னாலேயே வந்துவிடுகிறது. பள்ளம் கண்டதும் குருவியின் கழுத்தைக் குனிய விடுங்கள், அதற்கும் ஒரு சின்னச் செய்தி அனுப்பலாம். மேடு வந்ததும் அலகு மண்ணைத் தொடட்டும், அப்போது 'டொக்' சத்தம். மேடு வராவிட்டால் கழுத்தை மெதுவாக நிமிர்த்துங்கள். கொத்தப் போய் நிறுத்திக்கொள்வது எந்தக் குருவிக்கும் இயல்பான அசைவு, பார்க்கிறவருக்குப் பிழையாகவே தெரியாது.

பிடிபட்டதா இல்லையா என்ற தீர்ப்பிலும் பிள்ளைப் பக்கம் சாயுங்கள். மேடு வந்த கணத்தில் புழு உள்ளே போயிருந்தாலும், அதற்கு முந்திய 120 மில்லிசெக்கனுக்குள் எப்போதாவது வெளியில் இருந்திருந்தால் பிடிபட்டதாகவே கொடுங்கள். பிள்ளை புழுவைக் கண்டுதான் கையை இறக்கியது. இறங்கக் கைக்கு எடுத்த நேரத்துக்கு அதைத் தண்டிப்பது நியாயமில்லை.

மூன்று துளையில் எது என்று கையைச் சரித்துத் தெரிவு செய்ய விரும்பினால் எக்ஸ் அச்சைப் பாருங்கள். 20 பாகை சரிவு ஏறத்தாழ 350 காட்டும். 350ஐத் தாண்டினால் வலப்பக்கம், −350க்குக் கீழ் போனால் இடப்பக்கம்; ஆனால் நடுவுக்குத் திரும்ப 250க்குள் வரவேண்டும் என்று வையுங்கள். போவதற்கும் வருவதற்கும் ஒரே எண் வைத்தால் விளிம்பில் நிற்கும் கைக்குக் குருவி இரண்டு துளைக்கும் இடையில் தத்தளிக்கும். முக்கியமானது, பள்ளம் கண்ட கணத்தில் துளையைப் பூட்டிவிடுவது. கை வேகமாக அசையும்போது எக்ஸ் காட்டுவது சரிவு மட்டுமல்ல. முழங்கையிலிருந்து 30 சென்ரிமீற்றர் தூரத்தில் உணரி இருந்து, கை செக்கனுக்கு 6 ரேடியன் வேகத்தில் சுழன்றால், மையநாட்ட ஆர்முடுகல் (சுழற்சியால் மையத்தை நோக்கி வருவது) மட்டுமே செக்கன் வர்க்கத்துக்கு 10.8 மீற்றர், அது புவியீர்ப்பைவிடக் கூட. அந்த நேரத்தில் சரிவைக் கேட்டால் பொய்தான் சொல்லும். 5 செக்கன் ஆட்டத்துக்கு ஒரு துளை, ஒரு அசைவு என்பதே என் விருப்பம்; சரிவை இரண்டாம் கட்டத்துக்கு வையுங்கள்.

கட்டும் விதம்: மைக்ரோபிட்டைப் புறங்கையில், மணிக்கட்டுக்கு அருகே, 2 சென்ரிமீற்றர் அகல இலாஸ்ரிக்கில் கட்டுங்கள். பற்றரிப் பெட்டி முன்கையில் தனியாக இறுக வேண்டும். தொங்கினால் அது தன்பாட்டுக்கு ஆடிப் போலி மேடுகளை உண்டாக்கும், வயரும் செருகியிலிருந்து கழன்று ஆட்டம் நடுவில் செத்துப்போகும். அலகு செய்ய மட்டையைவிடப் பனையோலை நல்லது: குருத்தோலைக் கீற்றை 15 சென்ரிமீற்றருக்கு மடித்து விரல்களில் செருகலாம், பாரம் இல்லை, சின்னக் கையும் களைக்காது. உணரியை அலகு நுனியில் வைக்கவே வேண்டாம். ஓலை துள்ளும், ஒரு கொத்துக்கு நாலைந்து மேடு வரும். மேசையில் அடிக்கவும் விடாதீர்கள். அடி விழுந்தால் 4 ஜி எல்லையும் முட்டும், அலகும் கிழியும். கை போய் நிற்கும் இடத்தில் ஒரு தடித்த ஸ்பொஞ்ச் வையுங்கள்.

குருவியைப் பற்றியும் ஒன்று. கொண்டலாத்தி நல்ல தெரிவு, நம் தோட்டங்களில் பிள்ளைகள் காணும் பறவை. ஆனால் அது ஒரு கொத்தில் இரை எடுப்பதில்லை. நடந்து நடந்து, நீண்டு வளைந்த அலகை மண்ணுக்குள் திரும்பத் திரும்பச் செருகித் தேடும். மண்ணுக்குள் இருக்கும்போதே அலகைத் திறக்கவும் அதனால் முடியும். ஆகவே கொண்டலாத்தி என்றால் '5 செக்கனில் எத்தனை கொத்து' என்ற ஆட்டம் பொருந்தும். 'புழு தலைகாட்டும் கணத்தில் ஒரே கொத்து' என்பதுதான் உங்கள் ஆட்டம் என்றால் அதற்குரியது கொக்கு. வயலில் ஒற்றைக்காலில் நிற்பதுபோல அசையாமல் நின்று, ஒரு வெட்டில் எடுக்கும். மழைக்காலத்தில் உழவு நடக்கும்போது மெசினுக்குப் பின்னால் உண்ணிக்கொக்குகள் வரிசையாகப் போவதைப் பிள்ளைகள் எல்லோரும் கண்டிருப்பார்கள். பறவையின் அசைவும் கையின் அசைவும் ஒன்றானால் விளக்கமே தேவையில்லை, திரையைப் பார்த்ததும் கை தானாக அதைச் செய்யும்.

மண்ணை நம் செம்மண் நிறத்தில் வரைந்திருக்கிறீர்கள், அதன்மேல் புழு கபிலம். மடிக்கணினியில் அழகாக இருக்கும். யன்னல் திறந்த மண்டபத்தில் புரொஜெக்டரில் போட்டால் இரண்டும் ஒரே நிறமாக வெளிறிவிடும், பிள்ளைகள் புழுவைக் காணாமலேயே தோற்பார்கள். மண்ணை மழை நனைத்த கருஞ்சிவப்பாக்குங்கள், புழுவை வெளிர் இளஞ்சிவப்பாக்கி 3 பிக்சலில் வெள்ளை விளிம்பு கொடுங்கள். மண்புழு தோலால் மூச்சுவிடும் உயிர், மழை ஈரத்தில்தான் மேலே வரும், எனவே நனைந்த மண் என்பது உண்மைக்கும் பொருத்தம். புழுவின் உயரம் 40 பிக்சல் என்றால் பிடிபடும் எல்லையை 70 வையுங்கள். முதல் ஆட்டத்தில் புழு வெளியே நிற்பது 0.9 செக்கன், வெல்ல வெல்ல 0.6 வரை இறக்குங்கள். அதற்குக் கீழே போனால் சின்னவர்களால் முடியாது.

கமராவால் செய்யலாமே என்று யாரும் கேட்டால், செய்யலாம். ஆனால் கண்காட்சியில் பின்னால் ஆட்கள் நடப்பார்கள், வெளிச்சம் மாறும், ஒவ்வொன்றும் ஒரு கொத்தாகும். மைக்ரோபிட்டே இந்த இடத்துக்கு உறுதியானது.

கொண்டுபோவதற்கு முன் சோதனை. ஒரு சின்னப் பிள்ளை, ஒரு நடுத்தரம், ஒரு பெரியவர் என மூவர். ஒவ்வொருவரும் முதலில் செக்கனுக்கு ஒன்றாக 20 கொத்து, பிறகு முடிந்தளவு வேகமாக 20, பிறகு அடியில் அரைச் செக்கன் தங்கித் தங்கி 20. பக்கத்தில் ஒருவர் வாயால் எண்ணட்டும். மூன்றிலும் 19க்குக் குறையாமலும் 21க்கு மேல் போகாமலும் வரவேண்டும். தங்கும் கொத்தில் கூடினால் குறிப்பு அழிபடவில்லை. வேகக் கொத்தில் குறைந்தால் பழைய 250 மில்லிசெக்கன் தடை நிரலில் எங்கோ மிச்சம் கிடக்கிறது, அல்லது எல்.ஈ.டி. கட்டளை நிற்கிறது. சின்னப் பிள்ளைக்கு மட்டும் குறைந்தால் பழக்கக் கொத்தின்போது அது முட்டையை உடைக்கும் ஆசையில் பலமாக அடித்திருக்கும், திரும்ப அளவெடுங்கள். கடைசியாக, கையில் கட்டியபடி ஒரு நிமிசம் கையை ஆட்டி ஆட்டிக் கதைக்கச் சொல்லுங்கள். அதில் இரண்டு மூன்று கொத்து விழுந்தால் மேட்டுக் கோட்டில் பாதி என்பதை மூன்றில் இரண்டு ஆக்குங்கள்.

மேசைக்குக் கீழே புதிய டிரிபிள் ஏ பற்றரி நாலு, அதே நிரல் ஏற்றிய இன்னொரு மைக்ரோபிட் ஒன்று, மடித்த ஓலை அலகு பத்து, வியர்வை துடைக்க ஒரு துணி. மடிக்கணினியின் பற்றரியையும் முழுதாக ஏற்றி வையுங்கள், கரண்ட் போனால் புரொஜெக்டர் நிற்கும், ஆட்டம் சின்னத் திரையில் தொடரலாம்.